உறுதியுரை

திருகோணமலை நீதவான் மன்றில்
சிங்களத்தைத் தமிழாக்குவது என் வேலை.
மாதச் சம்பளம், பழைய மின்விசிறி,
எழுந்து நிற்க ஒரு சதுர அடி.

அன்று களவுபோன வெளியிணைப்பு இயந்திரம்.
யமஹா, நாற்பது குதிரை.
சாட்சி பியதிலக, சமுத்திரகம, வயது ஐம்பத்தெட்டு.
உப்புக் காய்ந்த நகங்களால்
கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

"ஆகம?"
படிவத்துக்காகக் கேட்டேன்.
எங்களுக்கு ஆகமம் என்றால்
கருவறைக்கு வாசல் எந்தத் திசை என்று சொல்லும் நூல்.
அவர்களுக்கு அது முழு மதமும்.
இடையில் ஒரு மகர ஒற்றுத்தான்;
இருபது வருடமாய் அதில் தடுக்கித் தடுக்கி நடக்கிறேன்.

"புத்தாகம."

எதிரியின் சட்டத்தரணி குலவீரசிங்கம் எழுந்தார்.
கறுப்புக் கோட்டில் திருநீற்றுத் துகள்.
"கடவுள் இல்லாத மதம், ஐயா.
இவர் பொய் சொன்னால் யாருக்குப் பயப்படுவார்?"
நீதவான் பேனா மூடியைக் கடித்தபடி சொன்னார்:
"நீங்கள் ஏறினாலும் உறுதியுரைதான், சட்டத்தரணி.
சட்டம் உங்கள் சாமியையும் கூப்பிடவில்லை."

ஆனாலும் அவர் கேட்டார்.
நான் மாற்றிக் கேட்டேன்.

பியதிலக சொன்னது, நான் தமிழில் சொன்னபடி:
"தெய்வம் இருக்கிறது. படகில் கதிர்காமத்தார் படம்.
காற்று, எஞ்சின், மகளின் வலிப்பு
எல்லாம் அவரிடம்."
"புத்தர்?"
"அவரைப் படகில் ஏற்றுவதில்லை.
நான் கொல்லத்தானே போகிறேன்.
வீட்டில், டீவிக்கு மேலே பலகையில் இருக்கிறார்."
"அவரிடம் என்ன கேட்பீர்கள்?"
"ஒன்றுமில்லை. அவர் ஒன்றும் தரமாட்டார்."
"பிறகு எதற்குப் பூ?"
கொஞ்சம் யோசித்தார்.
"கேட்கிறதுக்கு இல்லை. வைக்கிறதுக்கு.
பின்னேரம் வாடியிருக்கும். அதைப் பார்க்கிறதுக்கு."

தெய்யோ என்றுதான் அவர் சொன்னார்.
ஒருவரா பலரா என்று நான் கேட்கவில்லை.
கடவுள் என்றால் கூடிவிடும்,
தேவர் என்றால் சட்டத்தரணி சிரிப்பார்,
தெய்வம் என்று நடுவில் நிறுத்தினேன்.

நான் கோணேசரிடம் கேட்டவை:
இடமாற்றம். தங்கச்சியின் விசா.
கர்ப்பப்பையில் கட்டி கரையவேண்டும் என்று.
வெறுமனே வைக்க என்று
ஒரு பூக்கூட அந்த மலைக்குக் கொண்டுபோனதில்லை.

பெரியகுளத்துப் பக்கம் காட்டுக்குள்
கல்லில் தமிழ் வெட்டியிருக்கிறது.
புத்தரின் பள்ளியில் விளக்கெரியப்
பசுக் கொடுத்தவர்கள்.
என்ன கேட்டுக் கொடுத்தார்கள் என்று
நான் வாசித்த வரையில் இல்லை.
இதே மாவட்டத்தில்தான்
ஒரே இரவில் முளைத்த சிலைகளுக்கு
முட்கம்பியும் துவக்கும் காவல்.
ஒன்றும் கேட்காதவருக்கு
இவ்வளவு காணியை யார் கேட்டது?
இந்தக் கேள்வியை
எந்த மொழிக்கும் நான் மாற்றியதில்லை.

"சரி. கழற்றியவர் அதோ நிற்பவர்தானா?"
எதிரிக் கூண்டில் திருக்கடலூர்ப் பெடியன் சசிரூபன்,
சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு.
இயந்திரம் பியதிலகவின் மகனுடையது.
தவணைக் காசு இன்னும் பதினாறு மாதம்.
மின்விசிறி கிரீச்சிட்டு ஒரு சுற்றுச் சுற்றியது.
"முதுகைத்தான் கண்டேன். நிலவில்லை.
முகம் தெரியவில்லை."

பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தில்
முகம் இருந்தது.

குலவீரசிங்கத்தின் குரல் சட்டென்று பணிந்தது.
"ஐயா, சாட்சி இதை
உறுதியுரையின் மேல் சொல்கிறார்
என்பதை மன்று கவனிக்கவேண்டும்."
அதைச் சிங்களத்தில் சாட்சிக்குச் சொன்னேன்.
தலையாட்டிவிட்டு
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வழக்கு பதினான்காம் திகதிக்கு.
வெளியே வளவில்
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
நேற்றைய வழக்குப் பட்டியலை மென்றுகொண்டிருந்தது.
விரட்டினேன். போகவில்லை.